மோத்துக்கும் மோலுக்கும் ஒரே கட்டமா?

இந்த முறை மேசைமேல் குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். காரணம் நான்தான். போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது அகழெலியை (ஆங்கிலத்தில் மோல்) ‘பூச்சியுண்ணிகள்’ வரிசையில் சேர்த்துவிட்டேன். முப்பது வருஷம் விலங்கியல் பாடம் எடுத்த கை, பழக்கதோஷத்தில் பழைய வரிசையையே எழுதிவிட்டது. சரி, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம்.

கேள்வி: என் பையன் ஒன்பதாம் வகுப்பு. அவனுக்குக் கொடுத்த பயிற்சித் தாளில் ‘மோத், மோல் இரண்டையும் வகைப்பாடு, பாதுகாப்பு நிலை என்ற தலைப்புகளில் ஒப்பிடுக’ என்று இருக்கிறது. வகைப்பாட்டை எப்படியோ நிரப்பிவிட்டோம். பாதுகாப்பு நிலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? தேடினால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று வருகிறது.

முதலில் பெயர்த் தகராறு. மோத் என்பது அந்துப்பூச்சி. விளக்கைச் சுற்றும்போது விட்டில் என்போம். மோல் என்பது மண்ணுக்குள் சுரங்கம் வெட்டி வாழும் சின்னப் பாலூட்டி. தமிழில் அகழெலி என்று எழுதுகிறோம். அதைப் பார்த்து வளர்ந்த மொழி அல்ல நம்முடையது. அதனால் எலி என்று ஒட்டுப்போட்டுச் சமாளித்திருக்கிறோம். அது எலியே கிடையாது. ஒருமுறை நான் கரும்பலகையில் ‘மோல்’ என்று தலைப்பு எழுதியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் “6.022” என்று ஆரம்பித்தான். அதற்கு முந்தைய வகுப்பு வேதியியல்; அங்கே மோல் என்பது ஓர் அளவு, அதன் எண் 6.022 என்றுதான் தொடங்கும்.

வகைப்பாட்டை நீங்கள் நிரப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்துப்பூச்சி கணுக்காலிகள் தொகுதி, பூச்சிகள் வகுப்பு, லெப்பிடாப்டெரா வரிசை. அகழெலி முதுகுநாணிகள் தொகுதி, பாலூட்டிகள் வகுப்பு, யூலிப்போடிப்லா வரிசை, தால்பிடே குடும்பம். விலங்குகள் என்ற பேருலகத்துக்கு அடுத்த படியிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இரண்டுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலில் வாழ்ந்த ஏதோ ஒரு சிறு உயிர். ஆனால் கண் உருவாவதைத் தொடங்கிவைக்கும் மரபணு இரண்டிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. பயிற்சித் தாளில் இதற்குக் கட்டம் இருக்காது. பையனிடம் வாய்வழியாகச் சொல்லிவையுங்கள்.

இப்போது உங்களைக் குழப்பிய கட்டத்துக்கு வருவோம். அதை நிரப்ப முடியாமல் போனது உங்கள் தப்பு இல்லை, கேள்வியே தப்பு. பாதுகாப்பு நிலை, அதாவது அழிவுக்கு எவ்வளவு அருகில் என்ற மதிப்பீடு, சிற்றினத்துக்குத்தான் தரப்படுகிறது. ‘அந்துப்பூச்சியின் நிலை என்ன’ என்று கேட்பது, ‘மனிதர்களின் ரத்த வகை என்ன’ என்று கேட்பது மாதிரி. பெயரிடப்பட்ட அந்துப்பூச்சிச் சிற்றினங்கள் மட்டும் சுமார் 1,60,000. அகழெலிக் குடும்பத்தில் சில பத்துகள். தேடும்போது ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று வந்ததற்கு இதுதான் காரணம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சிற்றினத்தைச் சொல்லியிருப்பார்கள்.

எனவே ஒன்றுக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்து, பெயரோடு எழுதச் சொல்லுங்கள். நான் எழுதுவதாக இருந்தால் அகழெலிப் பக்கத்தில் ஐரோப்பிய அகழெலி: தால்பா யூரோபியா, 1758-ல் லின்னேயஸ் பெயரிட்டது, நிலை ‘கவலை குறைந்த இனம்’. புல்வெளியில் மண்மேடு எழுப்புகிறது என்று காலங்காலமாகப் பொறிவைத்தும் விஷம் வைத்தும் கொன்றிருக்கிறார்கள். பிரிட்டனில் 2006 வரை இதற்கு ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷத்தைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. இத்தனைக்கும் பிறகும் அது ஏராளமாக இருக்கிறது.

அந்துப்பூச்சிப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் போகாங். அக்ரோடிஸ் இன்ஃபியூசா. நிலை ‘அருகிய இனம்’.

போகாங்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பழுப்பு நிறம், விரல்நுனி அளவு. பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வசந்தத்தில், வெயில் ஏறுவதற்கு முன், தாழ்நிலங்களிலிருந்து கிளம்பி இரவிரவாகப் பறந்து, 1,000 கிலோமீட்டர் வரை கடந்து, ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைக் குகைகளுக்குப் போகிறது. அதுவரை அந்தக் குகையை அது பார்த்ததே இல்லை. அங்கே பாறைச் சுவரில் ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 17,000 என்ற கணக்கில், கோடை முழுக்கத் தூங்குகிறது. இலையுதிர் காலத்தில் வந்த வழியே திரும்பிப் போய், முட்டையிட்டு, செத்துப்போகிறது.

2017 முதல் கடும் வறட்சி. புழுக்கள் வளரும் நிலங்கள் காய்ந்தன. குகைச் சுவர்களில் கல் தெரிய ஆரம்பித்தது. கோடிக்கணக்கில் இருந்த பூச்சி அப்படிச் சரியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குளிர்கால உறக்கத்திலிருந்து எழும் மலைக் குள்ளப் பாசம் என்ற சின்னப் பைப்பாலூட்டிக்கு இந்தப் பூச்சிதான் முக்கிய உணவு. பூச்சி வராத வருஷங்களில் தாய்களுக்குப் பால் இல்லாமல் பைக்குள்ளேயே குட்டிகள் செத்தன. 2021 டிசம்பரில் போகாங், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அருகிய இனம்’ ஆனது.

கோடிக்கணக்கில் இருந்ததை எப்படி ‘அருகிய’ என்கிறார்கள் என்று பையன் கேட்பான். அந்தச் சங்கம் எத்தனை மிச்சம் என்பதை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் பார்க்கிறது. பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் பாதிக்கு மேல் குறைந்தால் ‘அருகிய’ ஆகலாம். எண்பது சதவீதம் என்றால் ‘மிக அருகிய’. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் பூச்சிக்குப் பத்து ஆண்டுகள்தான் அளவுகோல்.

போகாங் சேர்ந்த அக்ரோடிஸ் பேரினத்துப் புழுக்கள் மண்ணில் ஒளிந்திருந்து இளம்பயிரின் தண்டை அடியோடு வெட்டுபவை. ஐரோப்பாவில் அதே வகைப் புழுக்களைச் சுரங்கத்துக்குள் தேடித் தின்னும் விலங்குகளில் ஒன்று, உங்கள் பையனின் அடுத்த கட்டத்தில் இருக்கும் அகழெலி. பயிற்சித் தாள் தயாரித்தவருக்கு இது தெரிந்திருந்தால் கேள்விக்கு மன்னிப்பு உண்டு.

கேள்வி: அகழெலியைப் பூச்சியுண்ணிகள் வரிசை என்று எழுதியிருந்தீர்கள். என் மகளின் புத்தகத்தில் அப்படி ஒரு வரிசையே இல்லை. யார் சொல்வது சரி?

மகளின் புத்தகம்.

நான் படித்த காலத்தில் ‘இன்செக்டிவோரா’ என்று ஒரு வரிசை இருந்தது. சின்ன உடம்பு, நீண்ட மூக்கு, பூச்சி தின்னும் பல். இந்த அடையாளம் உள்ள எல்லாம் அதற்குள் போய்விடும்: முள்ளெலி, மூஞ்சூறு, அகழெலி, ஆப்பிரிக்காவின் பொன் அகழெலி, மடகாஸ்கரின் டென்ரெக். எங்கே சேர்ப்பது என்று தெரியாததையெல்லாம் போட்டுவைக்கும் மூட்டை அது என்று அப்போதே முணுமுணுப்பு உண்டு.

மரபணுவை வைத்துப் பார்க்க ஆரம்பித்ததும் மூட்டை கிழிந்தது. பொன் அகழெலியும் டென்ரெக்கும் யானை, கடற்பசு ஆகியவற்றின் உறவினர்கள் என்று தெரியவந்து, அந்தக் கூட்டத்துக்கு 1998-ல் ‘ஆஃப்ரோதீரியா’ என்று பெயர் வைத்தார்கள். மிச்சமிருந்த முள்ளெலி, மூஞ்சூறு, அகழெலி ஆகியவைதான் இன்றைய யூலிப்போடிப்லா. அதாவது மண்ணுக்குள் குடைந்து போகிற, குருட்டுக் கண்ணும் மழமழ ரோமமும் உள்ள பொன் அகழெலி, ரத்த உறவில் அகழெலியைவிட யானைக்கு நெருக்கம். ஆஸ்திரேலியாவில் பை வைத்த அகழெலி ஒன்று உண்டு. அது கங்காரு பக்கத்து ஆள். குழிவாழ் மோல் எலிகளோ நிஜ எலிக் கூட்டம். வேலை ஒன்று என்பதால் உடம்பும் ஒன்றுபோல ஆகிவிட்டது.

அந்துப்பூச்சியிலும் இப்படி ஒரு சங்கடம் உண்டு. பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் இரண்டு சமமான கிளைகள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் லெப்பிடாப்டெராவின் வம்ச மரம் முழுக்க அந்துப்பூச்சிதான். அதன் உள்ளே ஒரே ஒரு கிளை பகலில் பறக்க ஆரம்பித்து, நம் கண்ணில் பட்டு, கவிதையில் இடம் பிடித்துவிட்டது. அந்தக் கிளையை மட்டும் ஒடித்து எடுத்துவிட்டு மிச்சத்தை அந்துப்பூச்சி என்கிறோம். லெப்பிடாப்டெரா என்றால் செதில் இறகு. விளக்கடியில் விழுந்த ஒன்றை எடுத்தால் விரலில் மாவு மாதிரி ஒட்டுமே, அதை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மாவு இல்லை, ஒவ்வொன்றும் காம்பு வைத்த சின்ன ஓடு. பட்டாம்பூச்சியின் இறகிலும் அதே ஓடுதான்.

கேள்வி: சிவப்புப் பட்டியலில் தேடினேன். நான் படம் எடுத்த அந்துப்பூச்சிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அப்படியென்றால் அவற்றுக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தத் தவறைப் படித்தவர்களே செய்கிறார்கள். பாலூட்டிகளில் அநேகமாக எல்லாச் சிற்றினங்களையும் மதிப்பிட்டு முடித்துவிட்டார்கள். பூச்சிகளில் பெயரிடப்பட்டவை பத்து லட்சம். மதிப்பிட்டது நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். அகழெலிக்குப் பெரும்பாலும் ஒரு பதில் கிடைக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் ‘மதிப்பிடப்படாதது’ என்பதுதான் கிடைக்கும். டாக்டரிடமே போகாதவனுக்கு நோய் இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா?

அற்றுப்போன பிறகு பட்டியலில் ஏறிய அந்துப்பூச்சியும் உண்டு. ஃபிஜித் தீவில் லெவுவானா என்று ஒன்று இருந்தது. நீலம் மின்னும் சின்னப் பூச்சி; அதன் புழு தென்னை ஓலையை மொட்டையடித்தது. 1925-ல் மலாயாவிலிருந்து ஒரு ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் பூச்சியைக் காணோம். பூச்சிக் கட்டுப்பாட்டின் மாபெரும் வெற்றி என்று எழுதிய பக்கமும் உண்டு, ‘அற்றுவிட்ட இனம்’ என்று எழுதிய பக்கமும் உண்டு. இரண்டும் ஒரே பூச்சியைப் பற்றியவை.

கேள்வி: பட்டுப்பூச்சிக்கு என்ன நிலை?

எந்த நிலையும் கிடையாது. பாம்பிக்ஸ் மோரி மனிதன் வளர்த்து உருவாக்கிய இனம். காட்டில் அது இல்லை. சிவப்புப் பட்டியல் காட்டில் வாழ்பவற்றுக்கு மட்டும்தான். வளர்ந்த பட்டுப்பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, தின்னவும் தெரியாது. நாம் கைவிட்டால் சில வாரங்கள்கூடத் தாங்காத உயிர் கோடிக்கணக்கில் இருக்கிறது.

கேள்வி: அகழெலிக்குக் கண் இல்லை என்பதும், விட்டிலுக்கு வெளிச்சத்தின் மேல் மோகம் என்பதும் உண்மையா?

இரண்டும் அரைகுறை. அகழெலிக்குக் கண் உண்டு, குண்டூசித் தலை அளவில், ரோமத்துக்குள் புதைந்து. வெளிச்சம், இருட்டு தெரியும். சில சிற்றினங்களில் அதன்மேல் தோல் மூடிவிடும். விட்டிலுக்கு மோகமெல்லாம் இல்லை. வானம் எப்போதும் தரையைவிட வெளிச்சமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துப் பறக்கும் பூச்சி அது. விளக்கு குறுக்கே வந்தால் அதன் பக்கம் முதுகைத் திருப்பித் திருப்பியே சுற்றி மாட்டிக்கொள்கிறது. அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2024-ல் இதை வெளியிட்டார்கள். ‘விளக்கில் விழும் விட்டில்’ என்று காதல் கவிதை எழுதுபவர்கள் கவலைப்பட வேண்டாம், விட்டில் பத்திரிகை படிப்பதில்லை.

கேள்வி: பிள்ளைப்பூச்சியை ஆங்கிலத்தில் ‘மோல் கிரிக்கெட்’ என்கிறார்களே, அகழெலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கை. பிள்ளைப்பூச்சியின் முன்காலைப் பாருங்கள்: அகலமாக, பல் வைத்து, மண்வெட்டி மாதிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அகழெலியின் கையும் அதே வார்ப்பு. அறிவியல் பெயரே கிரில்லோடால்பா, ‘அகழெலிச் சிள்வண்டு’. ஒன்று பூச்சி, ஒன்று பாலூட்டி. இந்த ஜோடியை ஒப்பிடச் சொல்லியிருந்தால் பயிற்சித் தாளுக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

கேள்வி: அகழெலிகளிலேயே அழிவுக்கு மிக அருகில் இருப்பது எது?

நிஜ அகழெலியா, பொன் அகழெலியா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். போன இதழில் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது.

நிஜ அகழெலிகளில் பெரும்பாலானவை கவலை குறைந்தவை. விதிவிலக்குகள் ஜப்பான் பக்கம். எச்சிகோ சமவெளியில் மட்டும் வாழும் எச்சிகோ அகழெலி ‘அருகிய இனம்’. அதைவிட விசித்திரம் சென்காகு அகழெலி. கிழக்குச் சீனக் கடலில், நாடுகள் உரிமை கொண்டாடிச் சண்டைபோடும் ஒரு சின்னத் தீவில் 1979-ல் ஒன்றே ஒன்றைப் பிடித்தார்கள். இன்றுவரை அறிவியலின் கையில் இருப்பது அந்த ஒரு உடல்தான். அதற்கு முந்தைய ஆண்டு அந்தத் தீவில் யாரோ விட்ட ஒரு ஜோடி ஆடு நூற்றுக்கணக்கில் பெருகிப் பச்சையை மேய்ந்துகொண்டிருக்கிறது. பச்சை போனால் மண் போகும். மண் போனால் மண்புழுவும் அகழெலியும் எங்கே போவது?

பொன் அகழெலிகளின் நிலைமை மோசம்தான், ஆனால் நல்ல கதையும் அங்கேதான். டி வின்டன் பொன் அகழெலியை 1930-களுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் போர்ட் நொலோத் கடற்கரை மணலில், நீரில் நீந்துவது போல நீந்தும் பிராணி. அது போன வழியில் சுரங்கம்கூட நிற்காது. 2021-ல் ஒரு குழு தேடப் போனது. கூட ஜெஸ்ஸி என்ற பார்டர் கோலி நாய். மற்ற பொன் அகழெலிகளின் வாசனை ஜெஸ்ஸிக்குப் பழக்கம். ஒரு தடத்தில் அந்தப் பழகிய வாசனை இல்லாமல் அது சும்மா நின்றால், அது வேறு யாரோ நடந்த தடம் என்று அர்த்தம். உடனே அங்கே மணலை அள்ளினார்கள். மணலில் உதிர்ந்த தோலிலும் ரோமத்திலும் இருந்த டிஎன்ஏவைப் பிரித்து, அருங்காட்சியகத்தில் இருந்த பழைய உடலோடு ஒப்பிட்டு, 2023 நவம்பரில் ‘இருக்கிறது’ என்று அறிவித்தார்கள். நாய் மோந்ததைவிட மோக்காததுதான் உதவியது. நிலை இன்னும் ‘மிக அருகிய இனம்’தான்.

கேள்வி: அகழெலிக்கு ஆறு விரலாமே?

இதற்கு எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. கல்லூரியில் முதல் வருஷம், செய்முறை வகுப்பில் ஒரு கண்ணாடி ஜாடி. ஸ்பிரிட்டில் ஊறி மஞ்சளடித்த அகழெலி. காது தெரியவில்லை, கண் தெரியவில்லை. கருப்பு வெல்வெட் பைக்குள் யாரோ இரண்டு கைகளை மட்டும் தைத்த மாதிரி இருந்தது. உள்ளங்கைகள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி, ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்வது போல. ரோமமில்லாத இளஞ்சிவப்புத் தோல். நான் எண்ணினேன். ஐந்து நகம், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நகமில்லாமல் வளைந்த இன்னொன்று. ஆறு வரைந்தேன். ஆசிரியர் வந்து பார்த்தார், “பாலூட்டிக்கு ஐந்துக்கு மேல் ஏது?” என்று ஆறாவதை அழிக்கச் சொல்லி, அரை மதிப்பெண் குறைத்தார்.

2011-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கருவில் அது மற்ற விரல்களைவிடத் தாமதமாக உருவாகிறது. மணிக்கட்டில் இருக்கும் ஒரு சின்ன எள்ளெலும்பு நீண்டு அரிவாள் போல வளைந்து, மண் தள்ளும் கையை அகலமாக்குகிறது. அதில் கணுவே கிடையாது. எனவே அது விரல் இல்லை. பாண்டா கரடி மூங்கில் பிடிக்கும் ‘கட்டைவிரலும்’ இதே ரகம்.

ஆக விரல் ஐந்து என்று ஆசிரியர் சொன்னது சரி. அரை மதிப்பெண்ணை விட்டுவிட்டேன். ஜாடியில் கண்ணுக்குத் தெரிந்ததை ரப்பரால் அழிக்கச் சொன்னதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.